ஜாவாவின் புதுத் தகட்டைப் பழசாக்கியது

போன ஞாயிற்றுக்கிழமை பெரியம்மா வண்டியை ஒரு சுற்று சுற்றி வந்துவிட்டு, "இதுல நீ புதுசா வாங்கிப் போட்டது எந்தப் பக்கத்து மூடிடா?" என்று கேட்டார். வலது பக்கத்தைக் காட்டினேன். குனிந்து விரலால் தடவிப் பார்த்துவிட்டு, "பொய் சொல்லாத" என்றார். அன்று இரவுதான் இதை எழுத உட்கார்ந்தேன். அதுவரை வேலை சரியாக வந்ததா இல்லையா என்று எனக்கே நிச்சயம் இல்லை.

வண்டி 1967 மாடல் ஜாவா 250 மோட்டார் சைக்கிள். மைசூரில் 1961ல் உற்பத்தியைத் தொடங்கி 1996ல் மூடிய ஐடியல் ஜாவா தொழிற்சாலையில் பிறந்தது. ஒரே சிலிண்டர், இரண்டு சைலன்சர், கியர் லிவரையே உள்ளே அழுத்தித் திருப்பினால் கிக்கர். பெரியப்பாவுக்குப் புளி வியாபாரம். பாலக்கோடு, மாரண்டஅள்ளி, பென்னாகரம் பக்கமெல்லாம் மரத்தைக் குத்தகைக்குப் பேசி, உலுக்கி, தட்டி, கொட்டை எடுத்து, தருமபுரி மண்டிக்குக் கொண்டு போவார். பெரிய சரக்கு வண்டியில் போகும். மிச்சம் மீதி மூட்டை எல்லாம் இந்த ஜாவாவின் கேரியரில்தான். அவர் போன பிறகு வண்டி பாலக்கோட்டு வீட்டுத் தாழ்வாரத்தில் பதினெட்டு வருடம் நின்றது.

இன்ஜின் வேலை போன வருடமே முடிந்துவிட்டது. கிராங்க் பேரிங், பிஸ்டன், வயரிங் எல்லாம் தனிக் கதை. இங்கே எழுதப்போவது மேல்தோல் வேலை மட்டும். மொத்த வண்டிக்கும் புதுப் பெயிண்ட் அடிக்கலாம் என்று பார்த்தவர்கள் எல்லோரும் சொன்னார்கள். எனக்கு மனம் வரவில்லை. டேங்க், முன் மட்கார்டு, இடது பக்கப் பெட்டி மூடி மூன்றும் பெரியப்பா கை பட்ட பெயிண்டோடு அப்படியே இருந்தன. மூன்று இடத்தில்தான் புதுசு வந்து உட்கார்ந்தது. காணாமல் போயிருந்த வலது பக்க மூடிக்குப் பதிலாக பெங்களூரு ஜே.சி. ரோட்டில் புதிதாகச் செய்து விற்கும் மூடி ஒன்றை வாங்கினேன். பின் மட்கார்டின் வால் பகுதி உளுத்துப் போயிருந்ததால் டிங்கர் அதை வெட்டி எடுத்துவிட்டு 20 கேஜ் தகட்டில் புதுத் துண்டு செய்து பற்றவைத்தார். போல்ட் நட்டு எல்லாம் கடையில் வாங்கிய வெள்ளை முலாம் போட்டவை. பழைய வண்டியில் இவை மூன்றும் வெள்ளை வேட்டியில் விழுந்த சாயம் மாதிரி கண்ணைக் குத்தின.

புதுசை வலிந்து பழசாக்குவது எனக்கு ஆசை கிடையாது. பழசின் பக்கத்தில் புதுசு வாயை மூடிக்கொண்டு உட்கார வேண்டும், அவ்வளவுதான் வேண்டியிருந்தது. அதற்கு முதலில் பழசு எப்படிப் பழசானது என்று பார்க்க வேண்டும். இடது மூடியைக் கழற்றி மேசை மேல் வைத்து ஒரு வாரம் பார்த்தேன்.

பார்த்ததில் தெரிந்தது இது. மெரூன் பெயிண்ட் தேய்ந்த இடத்தில் நேரடியாக இரும்பு தெரியவில்லை. பெயிண்டின் கரையை ஒட்டி முடி அகலத்துக்கு ஒரு செங்கல் நிறக் கோடு, அது பெயிண்டுக்கு அடியில் பூசும் பிரைமர். அதற்கும் உள்ளே தெரிந்த இரும்பு கருப்பும் பழுப்பும் கலந்து, வழவழப்பாக, பழகிய தோசைக்கல் போல இருந்தது. ஆரஞ்சு நிறத் துரு கீழ் மடிப்பில், தண்ணீர் தங்கும் இடத்தில் மட்டும். திருகு குமிழைச் சுற்றி கட்டைவிரல் பட்ட இடம் பளபளப்பு. மேலிருந்து குறுக்காக இரண்டு தேய்மானக் கோடுகள், ஒவ்வொன்றும் சுண்டுவிரல் அகலம். மூட்டை கட்டிய கயிறு ஓடிய தடம். கீழே பின்பக்கம் உள்ளங்கை அளவுக்கு ஒரு பெரிய தேய்மானம்.

அந்த உள்ளங்கை அளவுத் தேய்மானத்தை வலது மூடியிலும் அப்படியே கொண்டு வந்துவிடலாம் என்று பென்சிலால் குறித்தும் வைத்துவிட்டேன். காபி கொண்டு வந்த பெரியம்மா அதைப் பார்த்துவிட்டு, "அது என் கால் பட்டதுடா. இந்தப் பக்கம்தானே ஒருக்களிச்சு உட்காருவேன். அந்தப் பக்கம் எப்படி வரும்?" என்றார். குறியை அழித்தேன். வலது மூடிக்குக் கயிற்றுத் தடமும் விரல் தடமும் மட்டும் போதும். வண்டியின் இரண்டு பக்கமும் ஒரே மாதிரி தேய்வதில்லை என்பது அவர் சொல்லும் வரை என் மண்டையில் ஏறவில்லை.

வலது மூடியில் நேரடியாகக் கை வைக்காமல், டிங்கரிடம் மீந்த தகட்டில் நாலங்குலச் சதுரமாக ஆறு துண்டு வெட்டி வாங்கினேன். இந்த ஒரு விஷயத்தை மட்டும் முதலிலேயே சரியாகச் செய்தேன் என்று சொல்வேன். ஆறில் நான்கு வீணாயின.

முதல் துண்டுக்கு எல்லோரும் சொல்லும் துருக் கரைசல். மருந்துக்கடையில் கிடைக்கும் 6 சதவீத ஹைட்ரஜன் பெராக்சைடு 200 மில்லி, அதே அளவு தண்ணீர், வெள்ளை வினிகர் 50 மில்லி, அரை மேசைக்கரண்டி உப்பு. தகட்டை 220 நம்பர் உப்புத்தாளால் தேய்த்து, தின்னரில் துடைத்து, வெயிலில் காயவைத்துத் தெளித்தேன். இருபது நிமிடத்தில் ஆரஞ்சு. பார்க்க வேகமாக இருக்கிறதே என்று சந்தோஷப்பட்டேன். காய்ந்த பிறகு கை வைத்தால் மஞ்சள்தூள் மாதிரி ஒட்டிக்கொண்டு வந்தது. நிறமும் ஒரே சீராக, சுவருக்கு அடித்த வண்ணம் போல. அறுபது வருடத் துரு அப்படி இருக்காது. ஒரு எச்சரிக்கை: இந்தக் கரைசலைத் தெளிப்பு பாட்டிலில் இறுக்கி மூடி வைக்கக் கூடாது. உள்ளே வாயு சேர்ந்து என் பாட்டில் பலூன் மாதிரி உப்பிவிட்டது.

அப்போதுதான் யோசனை வந்தது. மட்கார்டை உளுக்க வைத்தது எது? புளி. அதுவும் உப்புப் போட்ட புளி. எங்கள் பக்கம் புளியை உப்புச் சேர்த்துத்தான் வைப்பார்கள். மூட்டையில் ஈரம் கசிந்தால் புளியும் உப்பும் கேரியர் வழியாக மட்கார்டில் சொட்டும். வால் பகுதியில் தப்பிப் பிழைத்த பழைய தகட்டில் ஊசி குத்தியது போன்ற சின்னச் சின்னக் குழிகள் இருந்தன. அதே குழி எனக்கு வேண்டும் என்றால் அதே பொருளைப் போட்டால் என்ன?

நூறு கிராம் பழைய கரும்புளி, ஒரு கரண்டி கல் உப்பு, துவையல் பதத்துக்குப் பிசைந்து இரண்டாவது துண்டின் மேல் திட்டுத் திட்டாக அப்பினேன். மாசி மாதம், காற்றில் ஈரமே இல்லை. காய்ந்துவிடக் கூடாதே என்று நனைத்த கோணிச் சாக்கால் சுற்றி வைத்தேன். காலையில் கழுவினால் தகடு வெளிறிய சாம்பல் நிறமாகி, அங்கங்கே கருப்புத் திட்டு, தடவினால் மெல்லிய சொரசொரப்பு. நினைத்ததை விட நன்றாக இருந்தது. ஆனால் புளி அப்பாத இடத்தில் கோணியின் நெசவு அச்சு அசலாகப் பதிந்திருந்தது, ஒவ்வொரு இழையும் எண்ணலாம். உப்புத்தாளால் தேய்த்தும் அது முழுதாகப் போகவில்லை. அடுத்த துண்டில் கோணி தகட்டைத் தொடாமல் நான்கு மூலையிலும் கூழாங்கல் வைத்து மேலே போர்த்தினேன். அச்சு விழவில்லை.

அடுத்து நிறம். ஆரஞ்சுத் துருவைக் கொதிக்கும் தண்ணீரில் போட்டால் கருப்பாக மாறும். அந்தக் கருப்பு மேக்னடைட். சேலம் கஞ்சமலையில் பாறையாகக் கிடக்கும் இரும்புக் கல்லும் அதுதான். பழைய துப்பாக்கிக் குழல்களுக்குக் கருநிறம் ஏற்றியதும் இந்த வழியில்தான். துண்டைத் தூக்கி எவர்சில்வர் அண்டாவில் போட்டு, போர்வெல் தண்ணீர் ஊற்றி அரை மணி நேரம் கொதிக்கவிட்டேன். கருப்பு வந்தது. கூடவே சுண்ணாம்பு தெளித்தது போல வெள்ளை வெள்ளையாகப் படலம். எங்கள் மாவட்டத்துத் தண்ணீரைப் பற்றிச் சொல்லவே வேண்டாம். ஃபுளோரைடுக்குப் பயந்து ஒகேனக்கல் காவிரித் தண்ணீரைக் குழாயில் கொண்டு வந்த ஊர் இது. குடிக்க ஆகாத தண்ணீர் இரும்புக்கும் ஆகவில்லை. அந்த வெள்ளைப் படலத்தை நகத்தால் சுரண்டினால் கருப்பும் சேர்ந்து வந்துவிட்டது. அந்தத் துண்டும் குப்பைக்குப் போனது.

பேட்டரிக்கு ஊற்றும் டிஸ்டில்டு வாட்டர் ஐந்து லிட்டர் கேன் ஒன்று வாங்கி வந்து மறுபடி செய்தேன். சுத்தமான கருப்பு, கொஞ்சம் பழுப்பு கலந்தது. மேலே தளர்வாக இருந்த கரியைக் கம்பி நாரால் லேசாகத் தேய்த்து எடுத்து, மறுபடி கரைசல், மறுபடி கொதி. மூன்று சுற்றில் இடது மூடியின் இரும்பு நிறத்துக்குக் கிட்டத்தில் வந்துவிட்டது.

கிட்டத்தில் என்றுதான் சொல்கிறேன். பக்கத்தில் வைத்துப் பார்த்தால் பழையதில் ஒரு நீலம் ஓடிய கருமை இருந்தது. அதற்கு வழி சொன்னவர் தருமபுரியில் நாட்டு மருந்துக்கடை வைத்திருக்கும் பெரியவர். புளியைப் பற்றிச் சொன்னதும் சிரித்துவிட்டு, "கடுக்காய் போடு தம்பி. இரும்பும் கடுக்காயும் சேர்ந்தா மை. அந்தக் காலத்துல எழுதறதுக்கே அதைத்தான் காய்ச்சுவாங்க" என்றார். நூறு கிராம் வாங்கி, கொட்டையை நீக்கி, தோலை இடித்து, ஒரு லிட்டர் தண்ணீரில் ஓர் இரவு ஊறவைத்து, பாதியாகச் சுண்டும் வரை காய்ச்சி வடிகட்டினேன். தேநீர் நிறத்தில் இருந்த கஷாயத்தைப் பிரஷ்ஷால் துருவின் மேல் ஒரு இழுப்பு இழுத்தால், கண் முன்னாலேயே நீலக் கருப்பாக மாறுகிறது. அப்படி மாறுவதைப் பார்க்க எனக்கு இன்னும் அலுக்கவில்லை. ஆனால் அப்படியே போட்டால் மைக்கூட்டைக் கவிழ்த்தது போலத் தட்டைக் கருப்பு. ஒரு பங்கு கஷாயத்துக்கு நான்கு பங்கு தண்ணீர் விட்டு, துணியில் தொட்டு ஒற்றி எடுத்தால்தான் பழுப்பு கீழேயும் கருமை மேலேயுமாக நிற்கிறது. ஐந்தாவது துண்டில் அது வந்தது.

துண்டில் கைகூடியதும் மூடிக்குப் போனேன். அங்கேதான் பெரிய தப்பு செய்தேன்.

மூடி கருப்புப் பிரைமரோடு வந்திருந்தது. அதன் மேலேயே செங்கல் நிறப் பிரைமர், அதன் மேல் மெரூன், பிறகு தேய்மானம் வர வேண்டிய இடத்தில் உப்புத்தாள் என்று திட்டம். பெயிண்ட் அடித்துக் காயவைத்துக் கயிற்றுத் தடத்தில் தேய்த்தேன். உள்ளேயிருந்து வெள்ளி மாதிரி பளிச்சென்று இரும்பு எட்டிப் பார்த்தது. சரி, அந்த இடத்தில் மட்டும் கரைசலைத் தொட்டு வைப்போம் என்றால், உப்பும் வினிகரும் பெயிண்ட் ஓரத்துக்கு அடியில் புகுந்து சுற்றிலும் கொப்புளம் கிளப்பியது. மூன்று நாள் வேலையைத் தின்னர் ஊற்றிச் சுரண்டி எடுத்தேன்.

பழைய மூடி முதலில் இரும்பு, மேலே பெயிண்ட், அப்புறம் தேய்மானம், கடைசியில் நிறம் என்ற வரிசையில் பழசானது. செய்கிறவன் அந்த வரிசையை மாற்ற வேண்டும். இரும்புக்குத்தான் முதலில் வயதேற்ற வேண்டும். பிறகு பிரைமர், பிறகு பெயிண்ட், கடைசியில் தேய்த்தால் உள்ளே காத்திருக்கும் பழைய இரும்பு வெளியே வரும். இதைப் புரிந்துகொள்ள எனக்கு மூன்று நாள் வேலை செலவானது.

மறுபடி முதலிலிருந்து. வெறும் இரும்பாகச் சுரண்டிய மூடிக்குத் தேய்மானம் தெரியப்போகும் இடங்களில் மட்டும் புளி, ஓர் இரவு. கழுவி, ஆப்ப சோடா கரைத்த தண்ணீரில் ஊறவைத்து, மறுபடி கழுவினேன். பெராக்சைடு கரைசல் இரண்டு சுற்று, ஒவ்வொரு சுற்றுக்கும் அண்டாவில் அரை மணி நேரம் கொதி. கடுக்காய் ஒற்றி, ஒரு நாள் காயவிட்டு, மெல்லிய கம்பி நாரால் தேய்த்தேன். அதன் மேல் செங்கல் நிறப் பிரைமர் ஒரே ஒரு கோட், மெல்லியதாக.

மெரூன் நிறம் சேர்ப்பதற்கு டேங்கையே பெயிண்ட் கடைக்குத் தூக்கிக்கொண்டு போனேன். டேங்கின் பக்கவாட்டில் முட்டி படும் இடத்தில் இருக்கும் முட்டி ரப்பரைக் கழற்றினால் அடியில் வெயில் படாத அசல் நிறம் இருந்தது. ஆசையாக அதைக் காட்டி 250 மில்லி கலக்கச் சொன்னேன். அடித்துப் பார்த்தால் டேங்குக்கும் மூடிக்கும் சம்பந்தமே இல்லை. ஐம்பது வருட வெயில் வெளியே இருந்த பெயிண்டைப் பழுப்பாக்கியிருந்தது. இரண்டாவது முறை டேங்கின் மேற்பகுதியைக் காட்டிக் கலந்தோம். என்.சி. (நைட்ரோ செல்லுலோஸ்) பெயிண்ட்தான் கேட்டு வாங்கினேன். இப்போது காருக்கு அடிக்கும் இரண்டு டப்பா கலவை கல் மாதிரி இறுகிவிடும், தேய்த்தால் ஓரம் மெலிந்து வராது, பாளம் பாளமாக உரியும். என்.சி. சீக்கிரம் காயும், வாட்டர் பேப்பருக்கு வளைந்து கொடுக்கும். பதினைந்து நிமிட இடைவெளியில் மூன்று மெல்லிய கோட்.

ஒரு நாள் விட்டுத் தேய்க்கத் தொடங்கினேன். குமிழைச் சுற்றி 800 வாட்டர் பேப்பரைக் கட்டைவிரலில் சுற்றிக்கொண்டு, விரல் இயல்பாகப் போகும் திசையில் மட்டும். கயிற்றுத் தடத்துக்கு வாட்டர் பேப்பர் சரிப்படவில்லை, கோட்டின் இரு ஓரமும் வெட்டினாற்போல வந்தது. பெரியப்பா மூட்டை கட்டிய கயிறு எது என்று யோசித்தேன். தேங்காய் நார்க் கயிறு. ஒரு முழம் எடுத்து, நனைத்து, நைசாகச் சலித்த செம்மண்ணில் புரட்டி, மூடியைப் பிரேமில் பூட்டிவிட்டு அதன் மேல் குறுக்கே போட்டு இரண்டு கையாலும் முன்னும் பின்னும் இழுத்தேன். இருநூறு இழுப்பு வரை எண்ணினேன். நடுவில் ஆழமாக, ஓரத்தில் மெலிந்து, மெரூன், செங்கல் கோடு, கரும்பழுப்பு இரும்பு என்று வரிசையாகத் திறந்துகொண்டது. கயிறு பிரேம் குழாயில் திரும்பும் இடத்தில் மூடியின் விளிம்பும் தானாகத் தேய்ந்தது. இடது மூடியிலும் அதே விளிம்பு அப்படித்தான் தேய்ந்திருக்கிறது. நான் குறித்து வைக்கத் தவறியதைக் கயிறு ஞாபகம் வைத்திருந்தது.

மட்கார்டின் வால் துண்டுக்கும் இதே வழிதான், ஒரு வித்தியாசம். அதை அண்டாவில் போட முடியாது. கெட்டிலில் டிஸ்டில்டு வாட்டரைக் கொதிக்க வைத்துத் திரும்பத் திரும்ப ஊற்றினேன், ஒரு சுற்றுக்குப் பன்னிரண்டு தடவை. பாதிக் கருப்புதான் ஏறியது. மிச்சத்தைக் கடுக்காய் பார்த்துக்கொண்டது. பற்றவைத்த கோடு மட்டும் மற்ற இடத்தை விட வெளிறியே நின்றது. அங்கே கஷாயத்தைத் தண்ணீர் விடாமல் இரண்டு கை கூடுதலாக ஒற்றினேன். இப்போதும் வெயிலில் சாய்த்துப் பார்த்தால் கோடு தெரியும்.

போல்ட் வேலை சுலபம். இருபத்திரண்டு போல்ட்டையும் வினிகரில் ஓர் இரவு போட்டால் வெள்ளை முலாம் கரைந்துவிடும். குமிழி வருவது நின்றால் முடிந்தது என்று அர்த்தம். முலாத்தோடு நெருப்பில் காட்டக் கூடாது, துத்தநாகப் புகை உடம்புக்கு ஆகாது. பிறகு வாசலில் கேஸ் அடுப்பு, நீள இடுக்கி. போல்ட் சூடேற ஏற வைக்கோல் மஞ்சள், ஊதா, நீலம் என்று நிறம் மாறும். நீலம் தாண்டியதும் பழைய இன்ஜின் ஆயிலில் போட்டேன். மூடி, மட்கார்டு, நம்பர் பிளேட் பிடிக்கும் போல்ட்டுகளுக்கு மட்டும்தான் இது. சக்கர அச்சு, பிரேக், ஹேண்டில்பார் கிளாம்ப் போல்ட்டுகளைத் தொடவே இல்லை. அவற்றைச் சூடாக்கினாலோ ஆசிட் காட்டினாலோ வலு போய்விடலாம். அவை புதுசாகவே தெரியட்டும். குரோமையும் தொடவில்லை. ஆசிட் ஊற்றிக் குரோமை உரிக்கிற வேலை வீட்டு வாசலில் செய்யக்கூடியது இல்லை.

இன்ஜின் கவரில் எனக்கு ஒரு வருத்தம் உண்டு. இன்ஜின் வேலைக்குக் கொடுத்த இடத்தில் கேட்காமலேயே வலது கவரைக் கண்ணாடி மாதிரி பஃபிங் அடித்துக் கொடுத்துவிட்டார்கள். இடது கவர் பழைய ஈயப் பாத்திரம் மாதிரி மங்கல். அலுமினியத்தை மங்க வைக்க காஸ்டிக் சோடா என்று கேள்விப்பட்டு, பழைய ஸ்கூட்டர் கவர் துண்டு ஒன்றில் முயன்றேன். மூன்றே நிமிடத்தில் புஸ்ஸென்று நுரைத்து, கரி பூசியதாகி, கழுவினால் சொறி பிடித்தது போல ஓட்டை. நல்லவேளை அசலில் செய்யவில்லை. அதிலிருந்து வருவது ஹைட்ரஜன். திறந்த வெளியில், கிட்டத்தில் நெருப்பு இல்லாமல், கண்ணாடியும் கையுறையும் போட்டுத்தான் செய்ய வேண்டும். பிறகு ஐந்து லிட்டர் வெந்நீரில் 100 கிராம் சலவை சோடா கரைத்து, கவரைப் பத்து நிமிடம் மூழ்க வைத்தேன். பளபளப்பு அடங்கி மோர் நிறத்துக்கு வந்தது. வினிகர் கலந்த தண்ணீரில் அலசி, கம்பி நாரால் மேடான இடங்களை மட்டும் லேசாகத் தேய்த்து, செயின் ஆயில் அழுக்கைத் துணியில் தொட்டு மூலை முடுக்கில் தேய்த்துத் துடைத்தேன். இடதுக்கு நூற்றுக்குத் தொண்ணூறு வந்துவிட்டது.

கடைசியாகக் காப்பு. ஆறாவது துண்டில் மேட் வார்னிஷ் அடித்துப் பார்த்தேன். பாலிதீன் உறைக்குள் வைத்தது போல இருந்தது, உடனே வேண்டாம் என்று விட்டேன். வெளியே தெரியும் இரும்புக்குப் பாயில்டு லின்சீட் ஆயில் (ஆளி விதை எண்ணெய்) போதும் என்று முடிவு செய்து, தாராளமாகப் பூசினேன். அது இன்னொரு தப்பு. ஆடிக் காற்றில் தூசியெல்லாம் வந்து ஒட்டி, பத்து நாள் ஆகியும் பிசுபிசுப்பு போகவில்லை. டர்பன்டைனால் துடைத்து எடுத்துவிட்டு, தகட்டை வெயிலில் கை சுடும் அளவு காயவைத்து, பழைய பனியன் துணியில் சில சொட்டு மட்டும் தொட்டுத் தேய்த்து, அரை மணியில் உலர்ந்த துணியால் துடைத்துவிட்டேன். மூன்று நாள் இடைவெளியில் மூன்று தடவை. அந்தத் துணியைச் சுருட்டி மூலையில் போடக் கூடாது, தானாகச் சூடேறித் தீப்பிடிக்கும். தண்ணீரில் நனைத்து விரித்துக் காயப்போட்டேன். பெயிண்ட் உள்ள இடத்துக்குத் தேன்மெழுகு மட்டும்.

ஐப்பசி மழையில் இரண்டு தடவை வண்டியை நனையவிட்டேன், வேண்டுமென்றேதான். இரண்டாவது மழைக்குப் பிறகு மூடியின் கீழ் மடிப்பிலிருந்து கண்ணீர் மாதிரி இரண்டு துருக் கோடுகள் இறங்கின. மடிப்புக்குள் உப்பு தங்கியிருக்கிறது. மேலே எவ்வளவு கழுவினாலும் இரண்டு தகடு ஒட்டும் சந்துக்குள் சோடாத் தண்ணீர் போகவில்லை. மூடியைக் கழற்றி, மடிப்பை மெல்லிய உளியால் ஒரு நூல் அளவுக்கு நெம்பி, ஊசி போடும் சிரிஞ்சில் சோடாத் தண்ணீர், பிறகு டிஸ்டில்டு வாட்டர், காய்ந்த பிறகு லின்சீட் ஆயில் என்று வரிசையாக உள்ளே செலுத்தி, மடிப்பைத் தட்டி மூடினேன். அதற்குப் பிறகு பெய்த மழைக்குக் கோடு வரவில்லை. அந்த இரண்டு கோட்டில் ஒன்றை அப்படியே விட்டுவிட்டேன். இடது மூடியிலும் அதே மாதிரி ஒன்று இருக்கிறது.

செலவு: மூடி 1,150 ரூபாய், டிங்கர் கூலி தகட்டோடு 1,800. பெயிண்ட் இரண்டு தடவை கலந்ததில் 640, தின்னர் 220. பெராக்சைடு, வினிகர், கடுக்காய், சோடா எல்லாம் சேர்த்து 310. டிஸ்டில்டு வாட்டர் மூன்று கேன் 270, லின்சீட் ஆயில் அரை லிட்டர் 180, உப்புத்தாளும் கம்பி நாரும் 200க்குள். புளி வீட்டுப் புளி. மாசியில் தொடங்கி ஆடியில் முடித்தேன், வாரத்துக்கு ஒரு நாள், சில வாரம் அதுவும் இல்லை.

அடுத்த தடவை மடிப்பு உள்ள எந்தத் தகட்டுக்கும் உப்பைக் கிட்டே கொண்டு போகமாட்டேன். உப்பில்லாத புதுப்புளியும் வெறும் வினிகரும் போதும். இரண்டு நாள் கூடுதலாக ஆகும், ஆகட்டும். மாசியில் தொடங்காமல் ஐப்பசியில் தொடங்குவேன், காற்றின் ஈரமே பாதி வேலையைச் செய்துவிடும், கோணிச் சாக்கு வேண்டியிருக்காது. மழைத் தண்ணீரைப் பிடித்து வைத்துக் கொதிக்க வைப்பேன். நிறம் கலக்க டேங்கைத் தூக்கிக்கொண்டு போகும்போது முட்டி ரப்பரைக் கழற்றவே மாட்டேன்.

தை பிறந்தால் எங்கள் கொல்லை மரத்தில் புளி உலுக்க வேண்டும். முதல் மூட்டை இந்த வண்டியில்தான் மண்டிக்குப் போக வேண்டும் என்று பெரியம்மா சொல்லிவிட்டார். லாரி டியூபில் கேரியர் அளவுக்கு ஒரு விரிப்பு வெட்டி வைத்திருக்கிறேன். பதினாறு அங்குல நீளம், பத்து அங்குல அகலம், கயிறு போக மூலைக்கு ஒரு ஓட்டை.